துடைத்து எழுதிய டிவி

டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு பண்ற ஹார்ட் டிஸ்க் திணற ஆரம்பிச்சா, விவரம் தெரிஞ்சவங்க சொல்ற வைத்தியம் ஒண்ணுதான். வேணும்ங்கறதை வேற டிஸ்க்குக்கு மாத்திட்டு ஃபார்மட் பண்ணிடு. டீஃப்ராக் ராத்திரி பூரா ஓடும், இது அரை நிமிஷ வேலை. சரிதான். ஆனால் பதிஞ்சதைத் துடைச்சு இடம் பண்ற இந்தப் பழக்கம் டிஸ்க்கோட பிறந்ததில்லை. டிவிக்கு டேப் வந்த நாளிலிருந்தே இருக்கு.

1956 ஏப்ரலில் ஆம்பெக்ஸ் கம்பெனி சிகாகோவில் விஆர்எக்ஸ்-1000 என்ற மெஷினைக் காட்டியது. விலை 50,000 டாலர். (அதைச் செய்த டீமில் இருந்த இளைஞர் ஒருத்தர் பெயர் ரே டால்பி. ஆமாங்க, தியேட்டர்ல பார்க்கிற அதே டால்பிதான்!) அதுவரை டிவி திரைக்கு முன்னால் ஃபிலிம் கேமராவை வைத்துப் படம் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க. ஃபிலிமை ஒரு தடவைதான் பயன்படுத்த முடியும், டேப்பைத் துடைச்சு மறுபடி எழுதலாம். ஒரு மணி நேர டேப் சுமார் 300 டாலர் விற்ற காலத்தில் இது எவ்வளவு பெரிய சமாச்சாரம்னு யோசிச்சுப் பாருங்க.

துடைச்சாங்க. நல்லாவே துடைச்சாங்க. பிபிசி 1960, 70-களில் 'டாக்டர் ஹூ' டேப்புகளை அழித்து வேறு நிகழ்ச்சிகளுக்குக் கொடுத்தது. அதன் முதல் ஆறு வருஷ எபிசோடுகளில் நூறை ஒட்டி இன்னும் கிடைக்கவில்லை. கிடைச்சதெல்லாம் பெரும்பாலும் வெளிநாட்டு டிவி நிலையங்களுக்கு அனுப்பிய ஃபிலிம் பிரதிகள் வழியாத்தான். 2013-ல் ஒன்பது எபிசோடுகள் வெளியே வந்தது நைஜீரியாவின் ஜோஸ் நகரத்து அலமாரியிலிருந்து.

நாசா கதை இன்னும் கொடுமை. 1969-ல் அப்போலோ 11 நிலாவிலிருந்து அனுப்பிய படம், உலகம் டிவியில் பார்த்ததைவிடத் தெளிவாக டேப்பில் பதிவாகியிருந்தது. தேடோ தேடுன்னு தேடிட்டு, அது பெரும்பாலும் அழிக்கப்பட்டு மறுபடி பயன்பட்டிருக்கும்னு 2009-ல் அறிக்கை கொடுத்தாங்க. யாரையும் வில்லனாக்க எனக்கு மனசு வரலை. டேப் தட்டுப்பாடு, துடைச்சாங்க, அவ்வளவுதான்.

1999-ல் டிவோவும் ரீப்ளே டிவியும் ஹார்ட் டிஸ்க்கோட வீட்டுக்குள்ள வந்தன. டிவோவின் ஆரம்ப மாடல்களில் ஒன்றில் 14 மணி நேரம்தான் பிடிக்கும். அதனால டிஸ்க் எப்பவும் ரொம்பியே இருக்கும். இங்கேதான் சிக்கல். அரை மணி நியூஸை அழிச்சா அரை மணி அளவுக்கு ஒரு பொந்து. ரெண்டரை மணி நேரப் படம் வந்தா அந்த மாதிரி அஞ்சாறு பொந்துகளில் பிச்சுப் பிச்சு உட்காரணும். ரெண்டு ட்யூனர் ஒரே நேரத்தில் எழுதினா, சீட்டுக்கட்டு கலைச்ச மாதிரி ரெண்டு நிகழ்ச்சியும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. படிக்கிற ஹெட் ஒவ்வொரு துண்டுக்கும் தாவ பத்து மில்லி செகண்ட் போல ஆகும். எழுதிக்கிட்டே படிக்கவும் வேணும்னா படம் விக்கும்.

டிவோவை ஆரம்பிச்ச ஜிம் பார்ட்டன், மைக் ராம்சே ரெண்டு பேரும் சிலிக்கன் கிராஃபிக்ஸ்ல இருந்து வந்தவங்க. வீடியோவுக்குன்னே எம்எஃப்எஸ் என்று தனி ஃபைல் சிஸ்டம் வெச்சாங்க. 2002-ல் வந்த மித் டிவி பயன்படுத்தினவங்கள்ல பல பேர் சிலிக்கன் கிராஃபிக்ஸ் 1990-களில் செய்த எக்ஸ்எஃப்எஸ்ஸைப் பிடிச்சுக்கிட்டாங்க. எழுத வேண்டியதைக் கொஞ்சம் சேர்த்து வெச்சு, பெரிய இடமாப் பார்த்து மொத்தமா எழுதும். பெரிய ஃபைலை அழிக்கவும் சட்டுனு முடியும். எக்ஸ்ட்3-ல் ஒரு படத்தை அழிச்சா பின்னாடி ஓடிக்கிட்டு இருக்கிற ரெக்கார்டிங்கே தடுமாறும்.

விண்டோஸ்காரங்களுக்கு? கட்டம் கட்டமா கலர் மாறுற டீஃப்ராக் திரையை வேடிக்கை பார்க்கிறது. இல்லேன்னா ஃபார்மட். :-)

டேப்பை அழிச்சா காந்தப் பதிவே போயிடும். குயிக் ஃபார்மட் அப்படியில்லை, புத்தகத்தை விட்டுட்டுப் பொருளடக்கத்தை மட்டும் கிழிக்கும். எக்ஸ்பியின் ஃபுல் ஃபார்மட்கூட டிஸ்க்கில் பழுது இருக்கான்னு படிச்சுப் பார்க்கும், அவ்வளவுதான். 2007-ல் வீட்டுக்கு வந்த விஸ்டாவிலிருந்துதான் எல்லா இடத்திலும் பூஜ்யம் எழுத ஆரம்பித்தது. அதனால குயிக் ஃபார்மட் பண்ணின டிஸ்க்கிலிருந்து ஃபைலை மீட்கலாம், அது ஒரே நீளமாக இருந்தால். துண்டு துண்டாக் கிடந்திருந்தா, ஃபேட் முறையில் எந்தத் துண்டுக்கு அப்புறம் எதுங்கற சங்கிலி அந்தக் கிழிச்ச பொருளடக்கத்தோட போயிடும். எதுக்காக ஃபார்மட் பண்றோமோ, அதுவேதான் மீட்க விடாமலும் பண்ணுது.

இது போதாதுன்னு பல பெட்டிகள் பதிவை என்கிரிப்ட் பண்ணித்தான் எழுதுது. டிஸ்க்கைக் கழட்டி வேற பெட்டியில மாட்டினாலும் ஓடாது. பிபிசி பிரதிக்கு ஜோஸில் ஒரு அலமாரி கிடைச்சது. இந்தப் பதிவுகளுக்கு அந்த வழியும் இல்லை.