ரெயின்டீர் வண்டியும் வெங்ஙானூர் வில்லுவண்டியும்

பிப்ரவரி கடைசியில இங்கே ஓஸ்லோவில் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு வாரம் குளிர்கால லீவு. வீட்டுல இருந்தா பொண்ணு நம்மளை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவா. 'இவ்வளவு வருஷமா நார்வேயில இருக்கோம், இன்னும் ஒரு ரெயின்டீரைக்கூடக் கிட்டப் பார்க்கலை'ன்னு தங்கமணியும் சேர்ந்துக்கிட்டாங்க. சரின்னு ஒரு நல்ல நாள் பார்த்து ட்ரொம்ஸோவுக்கு டிக்கெட் போட்டாச்சு. ஓஸ்லோவிலிருந்து விமானத்துல இரண்டு மணி நேரம் கூட ஆகாது. ஆனா ஆர்க்டிக் வட்டத்துக்கும் 350 கிலோமீட்டர் வடக்கே இருக்கிற ஊர். எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சு கரமனையாத்துல நீந்தின உடம்புக்கு மைனஸ் 12 எப்படி இருக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

ஊருக்கு வெளியே ஒரு பண்ணை. பண்ணைன்னா கொட்டகை, தொட்டி எல்லாம் கற்பனை பண்ணாதீங்க. வெள்ளை வெளேர்னு ஒரு மலைச்சரிவு, அதுல வேலி போட்ட ஒரு பெரிய வெளி, உள்ளே நூத்துக்கணக்குல ரெயின்டீர்கள். கையில ஆளுக்கொரு வாளித் தீவனம் கொடுத்தாங்க. அவ்வளவுதான், கோயில் வாசல்ல பழக்கூடையோட நின்னா குரங்கு சூழ்ந்துக்குமே, அந்தக் கதைதான் :-)

தெரிஞ்சுக்கிட்ட சில விஷயங்கள்: மான் இனத்துல ஆண், பெண் இரண்டுக்கும் கொம்பு இருக்கிறது இதுல மட்டும்தான். ஆண் மான்கள் குளிர்கால ஆரம்பத்துலயே கொம்பை உதிர்த்துடும். பெண்கள் வசந்தத்துல குட்டி போடற வரைக்கும் வச்சிருக்கும், பனியைத் தோண்டி எடுத்த தீனியை மத்ததுங்க பிடுங்காம காப்பாத்திக்கணுமே. நடக்கும்போது கால்ல இருந்து 'டிக் டிக்'னு ஒரு சத்தம் வருது. தசைநார் எலும்பு மேல உரசுற சத்தமாம். பனிப்புயல்ல கண்ணு தெரியாட்டாலும் கூட்டம் பிரியாம இருக்க அது உதவும்னு சொன்னாங்க.

அப்புறம் சவாரி. தரையோட தரையா ஒரு சறுக்கு வண்டி, மேல ரெயின்டீர் தோல் விரிச்சிருக்கு. வண்டிக்கு ஒரு மான். முன் வண்டிக்குப் பின்னால அடுத்த மானைக் கட்டி, வரிசையா ரயில் மாதிரி போகுது. கிறிஸ்துமஸ் தாத்தா மாதிரி ஆகாயத்துல பறக்கும்னு எதிர்பார்த்த பொண்ணுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். நடக்கிற வேகம்தான். எனக்கு அதுதான் பிடிச்சது. மணிச்சத்தமும், பனி நறநறன்னு அரைபடற சத்தமும், அந்த டிக் டிக்கும். வேற ஒண்ணும் இல்லை.

இறங்கினதும் லாவ்வு என்கிற கூடாரத்துல நெருப்பைச் சுத்தி உட்கார வச்சாங்க. பண்ணைக்காரர் 'சாமி' இனத்தவர். சிரிக்காதீங்க, அந்த மக்களோட பேரே அதுதான். நார்வேயில் பெரும்பகுதி இடங்கள்ல ரெயின்டீர் மேய்க்கிற உரிமை சாமி மக்களுக்கு மட்டும்தான். ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் காதுல தனித்தனி வெட்டு அடையாளம். 'உங்ககிட்ட மொத்தம் எத்தனை மான் இருக்கு?'ன்னு நான் கேட்டேன். அவர் சிரிச்சுக்கிட்டே, 'உங்க பேங்க் கணக்குல எவ்வளவு இருக்கு?'ன்னு திருப்பிக் கேட்டார். அப்படிக் கேட்கவே கூடாதாம். தங்கமணி என்னைப் பார்த்த பார்வை மைனஸ் 12ஐ விடக் குளிர்ச்சி.

காபி குடிச்சுக்கிட்டே அவர் தன் அப்பாவைப் பத்திச் சொன்னார். விடுதிப் பள்ளிக்கூடத்துல சாமி மொழி பேசினதுக்காகத் தண்டனை வாங்கினவர். பிள்ளைகளுக்கும் அந்தக் கஷ்டம் வேண்டாம்னு வீட்டுலயே அந்த மொழியைப் பேசாம விட்டுட்டார். மகன் பெரியவனான பிறகு வகுப்புக்குப் போய்த் தன் மொழியைக் கத்துக்கிட்டிருக்கார். 1898ல் நார்வே அரசு போட்ட ஒரு கட்டளை, பள்ளிகளில் தவிர்க்கவே முடியாத அளவுக்கு மேல சாமி மொழியைப் பயன்படுத்தக்கூடாதுன்னு சொல்லிச்சு. அது இருபதாம் நூற்றாண்டின் பாதி வரைக்கும் ஆட்டி வச்சது. 2023 ஜூன்ல உண்மை அறியும் ஆணையம் அறிக்கை கொடுத்து, 2024 நவம்பர்ல நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது.

திரும்பி வரும்போது பஸ்ல பொண்ணு கேட்டா: "அப்பா, நம்ம ஊர்ல யாரையாவது இப்படிப் பண்ணாங்களா?"

நம்ம ஊர்னா திருவனந்தபுரம். அங்கே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பம் எங்களுது. 1898னு கேட்டதும் எனக்கு வேற ஒரு வண்டி ஞாபகத்துக்கு வந்துட்டுது. அதைத்தான் இங்கே எழுதறேன்.

*

திருவனந்தபுரத்துல வெள்ளையம்பலம் சந்திப்பு தெரியும்தானே? கவடியார் அரண்மனைப் பக்கம் போற ராஜவீதி. அந்தச் சந்திப்புல தலைப்பாகையோட ஒரு சிலை நிக்கும். எஸ்ரா டேவிட் செஞ்சது, 1980ல் இந்திரா காந்தி திறந்து வச்சார். பள்ளிக்கூடக் காலத்துல தினம் அதைத் தாண்டித்தான் பஸ் போகும். யாரோ ஒரு ராஜான்னுதான் ரொம்ப வருஷம் நினைச்சுக்கிட்டிருந்தேன். தலைப்பாகை கட்டினவர் எல்லாம் ராஜான்னு ஒரு நினைப்பு.

அவர் அய்யன்காளி. 1863 ஆகஸ்ட் 28ல் விழிஞ்ஞத்துக்குப் பக்கத்துல வெங்ஙானூர்ல, ஒரு புலையர் குடும்பத்துல பிறந்தவர். அப்பா அய்யன், அம்மா மாலா. பள்ளிக்கூட வாசலையே மிதிக்கவிடாத காலம், அதனால எழுதப் படிக்கத் தெரியாது. திருவிதாங்கூர்ல அடிமை முறையைச் சட்டப்படி ஒழிச்சது 1855லதான். அவர் பிறக்கறதுக்கு எட்டே வருஷம் முன்னால.

சட்டம் ஒழிச்சது, வழக்கம் ஒழியலை. நம்பூதிரிகிட்டேயிருந்து புலையர் 96 அடி தள்ளி நிக்கணும்னு ஒரு கணக்கு வழிவழியா சொல்லப்பட்டு வந்தது. மேல்சாதிக்காரர் வரும்போது முன்னால ஒரு ஆள் கூவிக்கிட்டே போவார். கேட்டவங்க ரோட்டை விட்டு வயல்ல, சேத்துல இறங்கி மறையணும். இத்தனைக்கும் பொதுச் சாலைகள் எல்லா மக்களுக்கும் பொதுன்னு திருவிதாங்கூர் அரசு 1865லயே அறிவிச்சு, 1884ல் மறுபடியும் உறுதிப்படுத்தியிருந்தது. காகிதத்துல ரோடு இருந்தது. கால் வைக்கத்தான் முடியாது.

1893ல் அய்யன்காளி ஒரு காரியம் பண்ணினார். ஒரு வில்லுவண்டி வாங்கினார். நம்ம பக்கம் வில் வண்டின்னு சொல்லுவோமே, அச்சுக்கு மேல இரும்பு வில் வச்சு, குலுங்காம போற வண்டி. பணக்காரங்களும் மேல்சாதிக்காரங்களும் மட்டும் போற வண்டி. இரண்டு வெள்ளைக் காளைகளைப் பூட்டி, கழுத்துல மணி கட்டினார். வெள்ளை வேட்டி உடுத்து, மேல்துண்டு போட்டு, தலைப்பாகை கட்டி, ஏறி உட்கார்ந்தார். நடுரோட்டுல ஓட்டிக்கிட்டுப் போனார்.

இப்போ படிச்சா இதுல என்ன இருக்குன்னு தோணும். அந்த ஒரு காட்சியில எத்தனை தடையை மீறியிருக்கார்னு எண்ணிப் பாருங்க. ரோட்டுல வரக்கூடாது, வந்தார். வண்டியில ஏறக்கூடாது, ஏறினார். முழங்காலுக்குக் கீழே வேட்டி, தோள்ல துண்டு, தலையில பாகை ஒண்ணும் கூடாது, எல்லாம் போட்டுக்கிட்டார். இத்தனை நாளா கூவல் சத்தம் கேட்டு வயல்ல இறங்கின ஆளோட வண்டி மணிச்சத்தம் இப்போ மத்தவங்க காதுல விழுது. நீங்க வேணும்னா ஒதுங்கிக்குங்கன்னு.

சும்மா விடுவாங்களா? வழிமறிச்சாங்க. அவர் இடுப்புக் கத்தியை உருவிக் காட்டிட்டு வண்டியை நிறுத்தாம போனார்னு சொல்லுவாங்க. உடற்பயிற்சியும் அடிமுறையும் பழகின ஒரு இளைஞர் கூட்டம் அவர்கூட இருந்தது. முப்பது வயசு அவருக்கு அப்போ.

*

இனிமேல் சொல்லப்போறது எங்க வீட்டுக் கதை.

என் ஆச்சி பிறந்த ஊர் பாலராமபுரம். திருவனந்தபுரத்துலேருந்து நாகர்கோவில் போற ரோட்டுல இருக்கு. கைத்தறிக்குப் பேர் போன இடம். உங்க வீட்டு பீரோவுலயும் ஒரு கசவு முண்டு இருக்கலாம். பாலராம வர்மா ராஜா காலத்துல (1798 - 1810) தமிழ்ப் பக்கத்துலேருந்து சாலியர் குடும்பங்களைக் கூட்டிட்டு வந்து அங்கே குடி வச்சாங்க. ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு, விநாயகர் தெரு, புதுத் தெருன்னு இன்னைக்கும் தெருக்கள் இருக்கு. ஆச்சி சொல்ற கதை எல்லாம் அந்தத் தெருக்களைப் பத்தித்தான். பாவு ஓட்டறது, கஞ்சி போடறது, அரண்மனைக்கு நெய்த முண்டு, ஓணத்துக்கு முந்தின ராத்திரி முழுக்கத் தறி அடிக்கிற சத்தம்.

1898ல் அய்யன்காளியும் அவரோட ஆட்களும் ஆறாலும்மூடு புத்தன் சந்தைக்குப் போறதுக்காகப் பொதுவழியில நடந்தாங்க. வண்டியில்லை, வெறும் நடை. பாலராமபுரம் சாலியர் தெருவுல கூட்டம் கூடி மறிச்சு அடிச்சாங்க. இவங்களும் திருப்பி அடிச்சாங்க. இரண்டு பக்கமும் ரத்தம். கேரள வரலாற்றுப் புத்தகங்கள்ல இதுக்கு 'சாலியத் தெரு கலகம்'னே பேர்.

ஆச்சியோட கதைகள்ல இது ஒருநாளும் வந்ததில்லை. அவங்க அப்பா அந்த வருஷம் அங்கே சின்னப் பையனா இருந்திருக்கணும், அவங்க தாத்தா தறியில உட்கார்ந்திருந்திருக்கணும். நான் இந்தக் கலகத்தைப் பத்தி முதல் முதலா படிச்சது கல்லூரி நூலகத்துல. படிச்சிட்டு வீட்டுக்கு வந்து கேட்டேன். ஆச்சி கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, "அதெல்லாம் எதுக்கு இப்பம்? சோறு ஆறுது"ன்னாங்க. அதுக்கு மேல நானும் கேட்கலை. அவங்க போய்ச் சேர்ந்து பதினைஞ்சு வருஷம் ஆச்சு.

ராஜா கூப்பிட்டு வந்த வெளியூர்க்காரங்கதான் நாங்க. ஒரு காலத்துல அந்த ரோடும் எங்களுக்குச் சொந்தமில்லை. நூறு வருஷத்துல 'எங்க தெரு' ஆயிட்டுது. அப்புறம் அந்த மண்ணுலயே பாடுபட்ட ஒருத்தர் அதுல நடந்தா கூட்டம் கூடுது. வெளிநாட்டுல குடியேறியிருக்கிற நமக்கெல்லாம் இதுல யோசிக்க ஏதாவது இருக்கா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க.

*

அந்தக் கலகத்தோட நிக்கலை. மணக்காடு, கழக்கூட்டம், கணியாபுரம்னு பரவிச்சு. அடுத்த சில வருஷத்துல திருவிதாங்கூரின் பல பொதுச் சாலைகள்ல நடக்கிற உரிமை கைக்கு வந்தது. 1907ல் சாது ஜன பரிபாலன சங்கம் தொடங்கினார் அய்யன்காளி. எங்க பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கலைன்னா உங்க வயல்ல இறங்கமாட்டோம்னு விவசாயக் கூலிகளை வேலைநிறுத்தத்துல இறக்கினார். கூலிக்காக மட்டும் இல்லை, பள்ளிக்கூடத்துக்காக நடந்த வேலைநிறுத்தம்! எழுதப் படிக்கத் தெரியாத மனுஷர் பண்ணினது.

அரசு உத்தரவு வந்தும், ஊருட்டம்பலம் பள்ளியில பஞ்சமிங்கிற சின்னப் பொண்ணை அவர் கையைப் பிடிச்சுக் கூட்டிப்போய் உட்கார வச்சதும், பள்ளிக்கூடத்துக்கே தீ வச்சாங்க. கருகின ஒரு பெஞ்சை இன்னைக்கும் அங்கே வச்சிருக்காங்க.

1911ல் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு நியமிக்கப்பட்டார். கால் நூற்றாண்டுக்கு மேல உறுப்பினர். சபை கூடின இடம் நம்ம விஜேடி ஹால். ரோட்டுல நடக்கவிடாதவர், அதே ஊரோட பெரிய மண்டபத்துக்குள்ள நின்னு, நிலம் கொடு, பள்ளிக்கூடம் கொடுன்னு பேசினார். 2019ல் அந்த மண்டபத்துக்கு அய்யன்காளி ஹால்னு பேர் மாத்தினாங்க. 1936 நவம்பர்ல கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தப்போ அவர் உயிரோட இருந்தார். அடுத்த ஜனவரியில காந்தி வெங்ஙானூருக்கே வந்து பார்த்தார். சாகறதுக்குள்ள தன் ஜனத்துல பத்து பி.ஏ. பார்க்கணும்ங்கிறதுதான் அவர் வெளியிட்ட ஆசை. 1941 ஜூன் 18ல் காலமானார்.

வைக்கம் நமக்கெல்லாம் தெரியும், பெரியார் ஜெயிலுக்குப் போன கதை. அது 1924. அதுக்கு முப்பத்தோரு வருஷம் முன்னாலயே இரண்டு காளைகள் ஒரு வண்டியை இழுத்துக்கிட்டுப் போயிருக்கு.

*

இதையெல்லாம் பொண்ணுகிட்ட அவ வயசுக்கு ஏத்த மாதிரி சொல்லி முடிக்கறதுக்குள்ள ட்ரொம்ஸோ வந்துட்டுது. கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கிட்டிருந்தவ, "நம்ம ஆளுங்க எந்தப் பக்கம் இருந்தாங்க?"ன்னு கேட்டா.

"மறிச்ச தெருவுலதாம்மா நம்ம வீடு இருந்தது"ன்னேன்.

"ஸாரி சொன்னாங்களா?"

"ஆச்சிகிட்ட கேட்டேன். சோறு ஆறுதுன்னு சொல்லிட்டாங்க."

அவ அதுக்கு மேல ஒண்ணும் கேட்கலை. ஆனா வர்ற ஜூலையில ஊருக்குப் போகும்போது பாலராமபுரத்துல அந்தத் தெருவைப் பார்க்கணும்னு சொல்லியிருக்கா. பார்த்துட்டு அப்படியே ஆட்டோ பிடிச்சு வெங்ஙானூர் போகணும்னு நான் சேர்த்துக்கிட்டேன். தூரம் ரொம்ப இல்லை. நடந்தே போகலாமேங்கறா. போகலாம்.

திருவனந்தபுரம் போறவங்க யாராவது இருந்தா, பத்மநாபசுவாமி கோயில், மிருகக்காட்சிசாலை, கோவளம் எல்லாம் பார்த்துட்டு, வெள்ளையம்பலத்துலயும் ஒரு நிமிஷம் நில்லுங்க. கூட இருக்கிற பிள்ளைங்ககிட்ட அது ராஜா இல்லைன்னு சொல்லுங்க. நான் அதைத் தெரிஞ்சுக்க ரொம்ப நாள் ஆச்சு.