ஜெங் ஜென்துவோவும் புத்தகங்களும்

ஜெங் ஜென்துவோவை (1898–1958) இலக்கிய வரலாற்றாசிரியர் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அவர் முதலில் பத்திரிகைக்காரர். 1921இல் பீகிங்கில் இலக்கிய ஆய்வுக் கழகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1923இல் 'சிறுகதை மாதப் பத்திரிகை'யின் ஆசிரியப் பொறுப்பு மாவ் துன்னிடமிருந்து அவருக்கு வந்தது. லண்டனில் இருந்த லாவ் ஷேயின் முதல் நாவல் 1926இல் வெளியானது அதில்தான். தாகூரின் 'ஸ்ட்ரே பேர்ட்ஸ்' கவிதைகளை ஆங்கிலம் வழியே மொழிபெயர்த்து 1922இல் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் அல்ல, தேர்ந்தெடுத்து. தேர்வுதானே ஆசிரியனின் வேலை.

1927 ஏப்ரலில் ஷாங்காய்ப் படுகொலையைக் கண்டித்துக் கையெழுத்திட்டவர், ஐரோப்பா போய்விட நேர்ந்தது. பாரிஸ், லண்டன் நூலகங்களில் அவர் தேடிப் படித்தது பழைய சீன நாவல்களையும் நாடகங்களையும்! புதுமைக்காரர் பழமைக்குத் திரும்பினார் என்று இதைச் சொல்வது மேம்போக்கு. பண்டிதர்கள் இலக்கியமென்றே மதிக்காத கதைப்பாட்டையும் நாடகத்தையும் அவர் வரலாற்றுக்குள் சேர்த்தார். 1932இல் வந்த சித்திரங்களுடன் கூடிய அவருடைய இலக்கிய வரலாறு அந்தச் சண்டையின் தொடர்ச்சி. அதே ஆண்டு ஜனவரியில் ஜப்பானியக் குண்டுகளுக்கு அச்சகம் இரையாகி, பத்திரிகை நின்றுபோயிற்று.

ஆனால் அதன்பின் நடந்ததற்கு இந்த விளக்கம் போதாது. 1938இல், ஷாங்காய் வீழ்ந்த பிறகு, 242 பழைய நாடகங்கள் அடங்கிய 64 புத்தகங்கள் விலைக்கு வந்தன. விலை 9,000 யுவான். பாதிக்கும் மேல் வேறெங்கும் கிடைக்காதவை. சுங்கிங் அரசை வாங்கவைத்தார். 1940–41இல் ஜாங் யுவான்ஜி முதலிய சிலருடன் சேர்ந்து, பெரிய குடும்பங்களின் சேகரிப்புகள் வெளிநாடு போய்விடாமல் ரகசியமாக வாங்கிக் குவித்தார். இங்கே நாடகம், கவிதை என்ற பேதமில்லை. தேர்ந்தெடுத்தே பழகிய ஆசிரியன் தேர்வையே கைவிட்டுவிட்டான்.

1941 டிசம்பரில் பெயரை மாற்றிக்கொண்டு அதே நகரில் தலைமறைவானார். மற்றவர்களைக் காட்டிக்கொடுக்கக்கூடிய காகிதங்களைத் தன் கையாலேயே எரித்தார். வயிற்றுப்பாட்டுக்குச் சொந்தப் புத்தகங்களை விற்றார். ஹாங்காங்கிற்கு அனுப்பிய நூல்களை ஜப்பானியர் தோக்கியோவுக்குக் கொண்டுபோனார்கள். போர் முடிந்த பின்பே அவை திரும்பின.

1949இல் அவர் புதிய அரசோடு நின்றார். பிறகு கலாச்சாரத் துணை அமைச்சருமானார். 1958இல் அவருடைய இலக்கிய ஆராய்ச்சியே கண்டனத்துக்குள்ளாயிற்று. அந்த அக்டோபர் 17இல், தூதுக்குழுவோடு போகும் வழியில், சோவியத் மண்ணில் விமானம் விழுந்து இறந்தார். அந்த 242 நாடகங்கள் பீகிங்கில் இருக்கின்றன. ரகசியமாக வாங்கியவற்றில் பெரும்பகுதி, தோற்ற அரசு கப்பலேற்றிக் கொண்டுபோனது, தைபேயில் இருக்கிறது.