இரண்டு அழைப்புகள்: இராமானுஜன் எடுத்த முடிவு



நம் ரிங்லெட் வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு பிள்ளை இடைநிலைப் பள்ளிக்குப் போனாலே பெரிய செய்தியாக இருந்த காலம் உண்டு. இன்று நம் லயங்களில் பட்டம் பெற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். பட்டத்திற்கு மேலும் படிக்க இடம் கேட்டு எழுதுகிறார்கள். சில வேளைகளில் இரண்டு பல்கலைக்கழகங்கள் ஒரே சமயத்தில் இடம் தருகின்றன. ஒன்று பக்கத்தில் இருக்கும், மற்றொன்று கடலுக்கு அப்பால் இருக்கும். அன்றிரவு அந்த வீட்டில் எவருக்கும் தூக்கம் வருவதில்லை. தாய்க்கு ஒரு கவலை, தகப்பனாருக்கு ஒரு கணக்கு, பிள்ளைக்கு ஓர் ஆசை. மறுநாள் கடிதங்களைக் கையில் எடுத்துக்கொண்டு, "வாத்தியாரய்யா, எதை ஏத்துக்கிறது?" என்று நம்மிடம் வருகிறார்கள்.

உடனே விடை சொல்ல நமக்கும் தெரிவதில்லை. ஆனால் இதே கேள்வி 1913-ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு கிராணியார் வீட்டில் எழுந்தது. அந்தக் கிராணியார்தாம் கணித மேதை ஸ்ரீநிவாச இராமானுஜன். அவர் எப்படி முடிவெடுத்தார் என்பதை இன்று பார்ப்போம்.

இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். தகப்பனார் துணிக்கடையில் கணக்கு எழுதியவர். வீட்டில் வசதியில்லை. கல்லூரியில் கிடைத்த உபகாரச் சம்பளமும் நிலைக்கவில்லை. கணிதத்திலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டதால் அவர் தேர்வில் தவறினார். மறுபடி எழுதியும் தேறவில்லை. பல ஆண்டுகள் வேலையின்றி அலைந்து, 1912-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சென்னைத் துறைமுகத்தில் கிராணியாகச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய்.

1913-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள், தாம் கண்டுபிடித்த கணித முடிவுகளை எழுதி, இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்கு அனுப்பினார். ஹார்டி அவற்றைத் தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து ஆராய்ந்தார். எழுதியவர் பெரும் மேதை என்று இருவரும் உணர்ந்தார்கள். அவரைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைக்க ஹார்டி விரும்பினார். அதே சமயத்தில் சென்னைப் பல்கலைக்கழகமும் விழித்துக்கொண்டது. பட்டம் இல்லாத அவருக்கு, 1913 மே மாதம் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் கொடுத்து, முழு நேரமும் ஆராய்ச்சி செய்ய வழி செய்தது.

இப்பொழுது அவர் முன்னால் இரண்டு வாய்ப்புகள். அவர் சென்னையைத்தான் ஏற்றுக்கொண்டார். கேம்பிரிட்ஜுக்கு வர இயலாது என்று சொல்லிவிட்டார். கடல் கடந்து செல்வது குல ஆசாரத்திற்கு ஒவ்வாது என்று கருதப்பட்ட காலம் அது. தாயார் கோமளத்தம்மாள் சம்மதிக்கவில்லை.

அந்த முதல் மறுப்பை நாம் அறியாமை என்று சொல்லிவிடக் கூடாது. 30 ரூபாய்க்குக் கணக்கு எழுதியவருக்கு 75 ரூபாயும் ஓய்வும் கிடைத்தன. குடும்பத்தோடு இருந்துகொண்டே முழு நேரமும் கணிதத்தில் ஈடுபட முடிந்தது. பக்கத்தில் உள்ள இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளை துணிச்சல் இல்லாத பிள்ளை என்று எவரும் எண்ண வேண்டியதில்லை.

பிறகு ஏன் மனம் மாறினார்? 1914-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த நெவில் என்னும் இளம் கணித அறிஞர் விரிவுரையாற்றச் சென்னைக்கு வந்தார். இராமானுஜனை அழைத்துவரும் பொறுப்பை ஹார்டி அவரிடம் கொடுத்திருந்தார். இருவரும் நேரில் அமர்ந்து பேசினார்கள். அதற்குள் பெற்றோரின் எதிர்ப்பும் தணிந்திருந்தது. குலதெய்வமான நாமக்கல் நாமகிரித் தாயார் அன்னையின் கனவில் தோன்றி, மகனைத் தடுக்காதே என்று கூறியதாகச் சொல்வார்கள்.

ஆனாலும் இராமானுஜனுக்குச் சில ஐயங்கள் இருந்தன. செலவுக்குப் பணம் யார் தருவார்? தம் ஆங்கில அறிவு போதுமா? மரக்கறி உணவை விடாமல் இருக்க முடியுமா? மறுபடியும் தேர்வு எழுதச் சொல்வார்களா? நெவில் ஒவ்வொன்றிற்கும் விடை சொன்னார். பணத்திற்கு ஏற்பாடு செய்யப்படும், ஆங்கிலம் போதும், உணவுப் பழக்கத்தில் எவரும் தலையிடமாட்டார்கள், தேர்வு எழுத வேண்டியதில்லை என்றார். பல்கலைக்கழகத்தின் பெயரையும் புகழையும் பற்றிய கேள்வி ஒன்றுகூட இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். நான்கும் அன்றாட வாழ்க்கைக் கேள்விகள். நேரில் தெளிவான விடை கிடைத்த பிறகே அவர் இசைந்தார்.

பணம் சொல்லோடு நிற்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுனும் கப்பல் செலவும் கொடுத்தது. அந்நாளில் ஒரு பவுனுக்கு 15 ரூபாய். அதிலிருந்து மாதம் 60 ரூபாய் ஊரில் தாயாருக்குக் கொடுக்கும்படி இராமானுஜன் புறப்படும் முன்பே ஏற்பாடு செய்தார். கிராணி வேலையில் அவர் வாங்கிய சம்பளத்தைப்போல் அது இரண்டு மடங்கு. மனைவி ஜானகி ஊரிலேயே தங்கினார். 1914 மார்ச்சு 17-ஆம் நாள் அவர் கப்பல் ஏறினார்.

சென்ற இடத்தில் அவர் பெற்றவை பல. ஹார்டியைப் போல் அவர் எழுதியதைப் படித்து, ஐயம் எழுப்பி, நிறுவல் கேட்டுத் திருத்தக்கூடிய ஆசிரியர் அக்காலத்தில் சென்னையில் இல்லை. 1916-ஆம் ஆண்டில் ஆராய்ச்சிக்காகப் பட்டம் பெற்றார். தேர்வில் தவறிய மாணவர் 1918-ஆம் ஆண்டில் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அதே ஆண்டில் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினரும் ஆனார்.

ஆனால் கேட்கப்படாத ஐந்தாவது கேள்வி ஒன்று இருந்தது. உடம்புக்கு முடியாமற்போனால் பக்கத்தில் யார் இருப்பார்? அவர் போய்ச் சேர்ந்த சில மாதங்களிலேயே முதல் உலகப் போர் மூண்டது. காய்கறி கிடைப்பது அரிதாயிற்று. தாமே சமைத்து, நேரம் தவறி உண்டு, இரவு பகலாக உழைத்தார். 1917-ஆம் ஆண்டில் நோய்வாய்ப்பட்டு, மருத்துவ இல்லங்களில் மாதக்கணக்கில் தங்க நேர்ந்தது. போர்க்காலத்தில் ஊர் திரும்புவதும் எளிதாக இல்லை. அன்று காசநோய் என்றார்கள். குடலில் தொடங்கி ஈரலைத் தாக்கிய சீதபேதிக் கிருமியாக இருக்கலாம் என்று பிற்கால மருத்துவர்கள் கருதினார்கள். 1919-இல் தாயகம் திரும்பிய அவர், 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் தம் 32-ஆம் வயதில் காலமானார்.

அவர் போயிருக்கக் கூடாது என்று சொல்ல நாம் துணியமாட்டோம். போகாதிருந்தால் உலகம் அவரை அறிந்திருக்குமா என்பது ஐயமே. ஆனால் பெற்றோர்களே, உங்கள் வீட்டிற்கு இரண்டு கடிதங்கள் வரும்போது அந்த ஐந்து கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பணம் எத்தனை ஆண்டுகளுக்கு உறுதி? மொழி போதுமா? சாப்பாடும் தங்குமிடமும் எப்படி? என்னென்ன தேர்வுகள்? நோய் வந்தால் துணை யார்? பிள்ளையிடம் ஆறாவதாக ஒன்றையும் கேளுங்கள்: "நீ செய்ய நினைக்கும் ஆராய்ச்சியைக் கூடவே இருந்து பார்க்கும் ஆசிரியர் எங்கே இருக்கிறார்?" ஒவ்வொரு கடிதத்திற்கும் விடையை எழுதிப் பாருங்கள். விடை தெரியாத இடத்தில், அங்கே படித்த ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். இராமானுஜனுக்கு ஒரு நெவில் நேரில் வந்தார். நம் பிள்ளைகளுக்கு அப்படி ஒருவரைத் தேடித் தருவது ஆசிரியர்களாகிய நம் கடமை.

இறுதியாக ஒரு செய்தி. 1919 ஜனவரியில், சென்னைப் பல்கலைக்கழகம் தமக்கு ஆண்டுதோறும் 250 பவுன் கொடுக்க முன்வந்ததை அறிந்த இராமானுஜன், நோயோடு இருந்த நிலையிலும் அதற்குப் பதில் எழுதினார். அதில் 50 பவுனைப் பெற்றோருக்குக் கொடுக்கும்படியும், தம் அவசியச் செலவு போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளுக்கும் அனாதைகளுக்கும் பள்ளிச் சம்பளமாகவும் புத்தகமாகவும் கொடுக்கும்படியும் கேட்டுக்கொண்டார். உபகாரச் சம்பளம் இல்லாமல் படிப்பு நின்றுபோனால் எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். மலையிறங்கிப் படிக்கப் போகும் நம் பிள்ளைகளும் அதை நினைவில் வைப்பார்களாக.