டிரெயில் ஓட்டம்

தார்ச்சாலையையும் மைதானத்தையும் விட்டுக் காட்டுத்தடம், மலைப்பாதை, வண்டிப்பாதை, மணல்வெளி என்று திறந்த நிலத்தில் ஓடும் போட்டியே டிரெயில் ஓட்டம். உலகத் தடகள அமைப்பு 2015இல் இதைத் தடகளப் பிரிவாக ஏற்றது. மலை இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. சமவெளியும் பாலையும் விதிக்குள் அடங்கும்.

தூரத்தை மட்டும் வைத்து ஒரு தடத்தின் கடுமையைச் சொல்லிவிட முடியாது. ஆகவே ஏற்றத்தில் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 1 கிலோமீட்டர் கூட்டுகிறார்கள். மொத்தம் 1,000 மீட்டர் ஏற்றமுள்ள 20 கி.மீ. தடத்தின் மதிப்பு 30 ஆகிவிடும். 2003இல் தொடங்கிய மோன் பிளாங்க் மலைச்சுற்று ஓட்டம் பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாக 170 கி.மீ.க்கு மேல் செல்கிறது. ஏற்றம் ஏறத்தாழ 10,000 மீட்டர். இந்தியாவில் சந்தக்ஃபூ மலையில் 1991 முதல் 100 மைல் ஓட்டம் பல நாள் போட்டியாக நடந்துவருகிறது. கர்நாடகத்தில் சிக்கமகளூர்க் காபித் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் மலநாடு அல்ட்ராவும் பெயர்பெற்றது.

ஏற்றத்தில் தேர்ந்த வீரர்கள்கூட நடப்பதுண்டு. அது குறையல்ல, உத்தி. உண்மையில் ஆளைச் சாய்ப்பது இறக்கம்தான். ஒவ்வோர் அடியிலும் உடலைப் பிடித்து நிறுத்தும் முன்தொடைத் தசைகள் மறுநாள் படியிறங்க விடா.

இத்தகைய ஏற்ற இறக்கத்துக்குத் தென்காசி மாவட்டச் சங்கரன்கோவிலுக்கு மேற்கே, புளியங்குடி, வாசுதேவநல்லூர்ப் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. ஆனால் அந்த வட்டாரக் காடுகளில் பெரும்பகுதி பாதுகாக்கப்பட்டது. அங்குள்ள நெல்லை வனவிலங்கு சரணாலயம் 2015இல் அறிவிக்கப்பட்டது. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச்சில் மலையேறச் சென்றவர்களில் 20க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் மாண்டபின், மலையேற்றத்துக்குத் தமிழக அரசு தனி விதிகளே வகுத்தது. அந்தக் கட்டுப்பாடு தேவையானது என்பதில் ஐயமில்லை.

சங்கரன்கோவில் ஓட்டக்காரருக்கு வாய்த்த களம் ஊரைச் சுற்றியுள்ள குளத்துக்கரையும் கரிசல்காட்டு வண்டிப்பாதையும்தான். காய்ந்த கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கணுக்காலைச் சோதிக்கும். மழை பெய்தாலோ மண் அடியில் அப்பிக்கொண்டு ஷூவே இரு மடங்கு கனக்கும். உடைமுள் மெல்லிய அடிப்பாகத்தைத் துளைத்துவிடும். சமநிலை, பாதம் வைக்கும் நிதானம் இரண்டையும் பழக இதைவிட நல்ல இடம் தேவையில்லை. புதிதாக வருபவர்கள் மலையைத் தேடிப் போகுமுன் அதிகாலையில், துணைக்கு ஓர் ஆளோடும் தண்ணீரோடும் இந்தக் கரைகளிலேயே தொடங்கட்டும். காட்டுக்குள் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க வேண்டாம்.