ஜெட்டிலிருந்து லாம்டாவுக்கு: தமிழ்நாட்டு பைக்குகளில் காற்று–எரிபொருள் விகிதத்தின் வரலாறு

ஆகஸ்ட் 29 அன்று வேளாங்கண்ணிப் பேராலயத்தில் கொடியேறியதும், செப்டம்பர் 8 பெருவிழா வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் யாத்ரீகர்களின் பைக்குகள் வந்தவண்ணம் இருக்கும். கடல் மட்டத்தில் ஓடும் அதே வண்டி ஊட்டிக்கு, ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்துக்கு, ஏறினால் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் மெயின் ஜெட்டுக்கு இது தெரியாது. பெட்ரோல் மிஞ்சி வண்டி திணறும்.

அந்தக் காலத்து மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தே விகிதத்தைக் கணித்தார். கரி படிந்திருந்தால் ரிச் (பெட்ரோல் மிகுதி), வெளுத்திருந்தால் லீன் (காற்று மிகுதி), காபிப்பொடி நிறம் என்றால் சரி. அந்தக் கண்ணின் வேலையை ஓர் உணரி ஏற்றுக்கொண்ட கதையையும், அது கலவையை மாற்றியமைக்கும் ட்யூனருக்கு முதலில் தடையாகவும் பிறகு துணையாகவும் ஆனதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

இந்த மாற்றம் இங்கே பந்தயக் களத்திலிருந்து வரவில்லை. புகைக் கட்டுப்பாட்டிலிருந்து வந்தது. பாஷ் நிறுவனம் உருவாக்கிய, புகையிலுள்ள ஆக்சிஜனை உணரும் லாம்டா உணரி 1976-இல் வால்வோ கார்களில் முதலில் இடம்பெற்றது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற நிறை விகிதத்தை ஒட்டியே, புகையைச் சுத்தப்படுத்தும் மும்முனை வினையூக்கி மாற்றி நன்றாக இயங்கும். ஈயம் அதையும் உணரியையும் கெடுக்கும். எனவே 1995-இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமானபோது, ஈயமற்ற பெட்ரோலும் கூடவே வந்தது.

இருசக்கர வண்டிகளுக்கு மேலும் பத்தாண்டுகள் பிடித்தன. 2006-இல் ஹீரோ ஹோண்டா கிளாமர் எஃப்ஐ வெளிவந்தது. 2009-இல் சென்னையின் ராயல் என்ஃபீல்டு, கிளாசிக் 500-ஐ எரிபொருள் ஊசியுடனும் புகைக்குழாயில் ஆக்சிஜன் உணரியுடனும் கொண்டுவந்தது. அதன் 350 சிசி வண்டிகள் பிஎஸ்-6 புகை விதி வந்த 2020 வரை கார்புரேட்டரிலேயே ஓடின.

ஊசி வண்டிகளில் சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றியவர்களுக்குச் சிக்கல் தொடங்கியது. காற்று கூடியதால் கலவை லீன் ஆனது. பெங்களூரின் ரேஸ் டைனமிக்ஸ் தயாரிக்கும் பவர்ட்ரானிக் போன்ற கூடுதல் கணினிகள், ஊசி திறந்திருக்கும் நேரத்தை நீட்டி இதற்கு ஈடுகட்டின. ஆனால் மிதமான வேகத்தில் ட்யூனர் 5 சதவீதம் பெட்ரோலைக் கூட்டினால் உணரி ‘ரிச்’ என்று சொல்லும். வண்டியின் சொந்தக் கணினி அந்த ஐந்தையும் கழித்துவிடும். முழு த்ராட்டிலில் மட்டும் உணரியின் பேச்சு எடுபடாது. அங்கே மேப்பில், அதாவது கணினியில் பதிந்த எரிபொருள் அட்டவணையில், எழுதியதுதான் சட்டம்.

வண்டியோடு வரும் உணரி கலவை ரிச்சா, லீனா என்று மட்டுமே காட்டும். அதன் மின்னழுத்தம் 0.45 வோல்ட்டை ஒட்டி மேலும் கீழும் தாவும். எவ்வளவு ரிச் என்று அறிய வைட்பேண்ட் உணரி தேவைப்பட்டது. அமெரிக்காவில் புரூஸ் பௌலிங்கும் ஆல் கிரிப்போவும் உருவாக்கிய மெகாஸ்குவர்ட் போன்ற, கையால் கூட்டிச் சேர்க்கும் கணினிகள் இந்த அளவீட்டைத் தனியார் பட்டறைக்குக் கொண்டுவந்தன. கணக்கு எளியது: குறித்த விகிதம் 13.0, உணரி காட்டுவது 14.3 என்றால், 14.3-ஐ 13.0-ஆல் வகுத்தால் 1.10. மேப்பின் அந்தக் கட்டத்தில் 10 சதவீதம் கூட்ட வேண்டும். பிளக்கின் நிறம் பல கிலோமீட்டர் ஓட்டத்தின் சராசரியைச் சொன்னது. இந்த எண்ணோ ஒவ்வொரு ஆர்பிஎம்முக்கும் தனித்தனியே பதில் தருகிறது.

இந்தச் சுதந்திரத்துக்குச் சட்டத்தில் எல்லை உண்டு. தயாரிப்பாளரின் குறிப்பீட்டுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2023 முதல் இருசக்கர வண்டிகளில் வண்டியே தன் கோளாறுகளைக் கண்டறியும் ஓபிடி கண்காணிப்பின் இரண்டாம் கட்டமும் சேர்ந்தது.

அதே 2023-இல் 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோலும் விற்பனைக்கு வந்தது. எத்தனாலுக்கு 9 பங்கு காற்றே போதும். இ20-க்குச் சரியான விகிதம் சுமார் 13.5. மிதமான வேகத்தில் உணரி இதைத் தானே சரிசெய்துகொள்ளும். முழு த்ராட்டிலுக்குப் பழைய பெட்ரோலில் எழுதிய மேப் மட்டும் அப்படியே லீனாக நிற்கும். அந்தக் கட்டங்களை மீண்டும் அளந்துதான் எழுத வேண்டியிருக்கிறது.