ஒரே எல்லை, இரண்டு போர்

பெருவும் ஈக்வடாரும் 1941-லும் 1995-லும் எல்லைக்காக மோதின. முதல் போரில் ஈக்வடார் படுதோல்வி அடைந்தது. இரண்டாவதில் அசராமல் நின்றது. ஆனால் இரண்டு முறையும் கோடு பெருவின் பக்கமே சாய்ந்தது.

1941 ஜூலையில் பெருவின் படை எல் ஓரோ மாகாணத்துக்குள் புகுந்தபோது, ஈக்வடார் அதிபர் அரோயோ டெல் ரியோ ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பயந்து படையில் ஒரு பகுதியைத் தலைநகர் கீட்டோவிலேயே வைத்திருந்தார். சண்டை சில வாரங்களில் முடிந்தது. 1942 ஜனவரி 29 அன்று ரியோ டி ஜெனிரோவில் ஒப்பந்தம். பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகாத நேரம். அமெரிக்காவுக்கு இந்தத் தகராறு சீக்கிரம் ஒழிந்தால் போதும் என்றிருந்தது. ஈக்வடார் உரிமை கோரிவந்த சுமார் 2 லட்சம் சதுர கிலோமீட்டர் கையைவிட்டுப் போனது.

அவசரத்தில் ஓர் ஓட்டை விழுந்துவிட்டது. சமோரா, சந்தியாகோ ஆறுகளுக்கு இடையே நீர் பிரியும் முகடுதான் எல்லை என்றது ஒப்பந்தம். பிறகு அமெரிக்க விமானங்கள் படமெடுத்தபோது, நடுவே செனெப்பா ஆறு நினைத்ததைவிட வெகுநீளம் ஓடுவது தெரிந்தது. அப்படியானால் முகடு ஒன்றல்ல! சுமார் 78 கிலோமீட்டருக்கு எல்லைக்கல் நடும் வேலை நின்றது.

1995 ஜனவரியில் அங்கேதான் சண்டை மூண்டது. இப்போது ஈக்வடார் தயாராக இருந்தது. பிப்ரவரி 10 அன்று அதன் மிராஜ் விமானங்கள் பெருவின் சுகோய் விமானங்கள் இரண்டை வீழ்த்தின. திவின்சா காவல்நிலையைப் பிடித்துவிட்டதாகப் பெரு அதிபர் ஃபுஜிமோரி அறிவித்தார், ஈக்வடார் மறுத்தது. 

1998 அக்டோபர் 26 அன்று பிரேசிலியாவில் கையெழுத்தான உடன்படிக்கை, அங்கே பெரு கோரிவந்த கோண்டோர் மலைமுகட்டையே எல்லையாக்கியது. ஆனால் திவின்சாவில் 1 சதுர கிலோமீட்டர் ஈக்வடாருக்குப் பட்டா நிலம்போலத் தரப்பட்டது. இறையாண்மை பெருவுக்கு, சொத்துரிமை ஈக்வடாருக்கு. நினைவுச்சின்னம் வைக்கலாம், காவல்படை நிறுத்தக்கூடாது. 1942-இல் தோற்றவருக்கு முகம் காட்ட எதுவும் மிஞ்சவில்லை, 1998-இல் மிஞ்சியது. அந்தச் சிறு துண்டுதான் உடன்படிக்கையை ஈக்வடார் மக்களிடம் கொண்டுபோக உதவியது என்பேன்.

இரண்டும் கையெழுத்தானபோது ஆட்சியிலிருந்த ஈக்வடார் அதிபர்கள் இருவருமே பிறகு கவிழ்க்கப்பட்டார்கள். 1944-இல் அரோயோ வீழ்ந்ததில் ரியோ ஒப்பந்தத்தின் பழிக்குப் பெரும்பங்கு உண்டு. 2000 ஜனவரியில் ஹமில் மவாத் வீழ்ந்தது வங்கிகள் திவாலாகி, பணம் மதிப்பிழந்த கோபத்தில்.