முன்சூடேற்றம் (பற்றவைப்பு)

முன்சூடேற்றம் என்பது பற்றவைப்பு (வெல்டிங்) தொடங்கும் முன்னர், இணைக்கப்படவுள்ள உலோகப் பகுதிகளைக் குறித்த வெப்பநிலைக்குச் சூடாக்கும் முறையாகும். வெடிப்பைத் தடுப்பதே இதன் நோக்கம்.

காரணம்

குளிர்ந்த, தடித்த எஃகு பற்றவைப்பின் வெப்பத்தை விரைவாக ஈர்த்துவிடுகிறது. கரிமம் மிகுந்த எஃகில், இவ்வாறு விரைந்து குளிரும் பகுதி மார்ட்டென்சைட்டு எனப்படும் கடினமான, நொறுங்கும் அமைப்பாக மாறுகிறது. ஈரமேறிய வெல்டிங் ராடிலிருந்து வரும் ஐதரசனும் சுருக்கத் தகைவும் சேரும்போது அப்பகுதி வெடிக்கிறது. இவ்வெடிப்பு பல மணி நேரம் கழித்தும் தோன்றக்கூடும்; ஆகவே உடனடிச் சோதனையில் தேறிய இணைப்பும் பின்னர் முறியலாம்.

வேறுபட்ட எஃகுகள்

இரு வேறு எஃகுகளை இணைக்கும்போது, பொதுவாகக் கூடுதல் வெப்பநிலை தேவைப்படும் எஃகுக்கு ஏற்பவே முன்சூடேற்றம் செய்யப்படும். கொதிகலன் குழாய்களுக்கான 9% குரோமிய எஃகுக்கு இது ஏறத்தாழ 200 பாகை செல்சியசு ஆகும்.

வார்ப்புகள்

சாம்பல் வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது. ஓரிடத்தை மட்டும் சூடாக்கினால் மற்றோரிடம் வெடிக்கும். எனவே முழு வார்ப்பையும் மெதுவாகச் சூடாக்கி, பின்னர் மணல் அல்லது சாம்பலில் புதைத்து ஆறவிடுவர்.

மாங்கனீசு எஃகு வார்ப்பு இதற்கு விலக்கு. மிகுவெப்பம் அதனை நொறுங்கச் செய்யும்.

இந்தியாவில்

தாம்பரம் போன்ற நிலையங்களில் தடங்கள் பிரியுமிடத்து இச்சிக்கல் எழுகிறது. தண்டவாள எஃகுக்கு முன்சூடேற்றம் தேவை; குறுக்குத்தடத்திற்குப் பயன்படும் மாங்கனீசு வார்ப்புக்கோ அது கேடு. ஆகையால் பற்றவைக்கத்தக்க குறுக்குத்தடங்களில், இரண்டுக்கும் இடையே துருவுறா எஃகுத் துண்டொன்று வைத்து இணைக்கப்படுகிறது.

திருச்சிராப்பள்ளி பாரத மிகுமின் நிறுவனத்தில் 1975 இல் பற்றவைப்பு ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது.